இரண்டு வீட்டில் காய்ச்சிய பால்

எங்கள் ஊர்ப் பக்கம் ஆடி மாதத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனால் ஆனி முடிவதற்குள் புது வீட்டில் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டால், பிறகு ஆடியில் எந்த நாளில் வேண்டுமானாலும் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்யப்போய்த்தான், என் மகள் தாரிகா சென்னையில் ஒரே சமயத்தில் இரண்டு வீடுகளில் வளர ஆரம்பித்தாள்.

தாராபுரத்தில் இருந்த எனக்குச் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வந்திறங்கும் சரக்குகளுக்குக் காகிதம் தயார்செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நானும் என் மனைவி மைதிலியும் ஆறு வயதுத் தாரிகாவும் நான்கு சனிக்கிழமைகள் பஸ் ஏறி வந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சென்னை முழுக்க வீடு பார்த்தோம். தண்ணீர் வரும் ஏரியாவில் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கும் ஏரியாவில் மழைக்காலத்துக்குப் படகு வேண்டும், இரண்டும் சரியாக அமைந்த ஏரியாவில் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவனே அங்கே குடிவருவதாக இருந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு.

ஒன்று, என் ஆபீசிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் வரும் மேட்டுக்கொள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஜீவரத்தினம் என்பவரின் வீடு, தரைத்தளம், கதவைத் திறந்தால் தெரு. அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி, பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா என்று. பக்கத்து வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தேசம்மா இருந்தாள், நாற்பது நாற்பத்தைந்து வயசு, காக்கிச் சட்டைக்குள் சேலை. நாங்கள் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பதற்குள் அவள் தாரிகாவை ஆட்டோவில் வைத்து ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்தாள், தாரிகா கையில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காயோடு இறங்கி, "இந்த வீடுதான்" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்று சீதாராம் அவென்யூ. இரண்டு ரயில் மாறி ஒன்றரை மணி நேரம், ஏழாவது மாடி, லிஃப்டில் ஒரு கண்ணாடி. அங்கே குடியிருப்போர் சங்கத்தார் மூன்று பேர் உட்கார்ந்து சொந்த ஊர், வேலை, சாப்பாட்டுப் பழக்கம், வந்துபோகிற உறவுக்காரர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டார்கள், வாரம் மூன்று நாள் மீன் தின்கிற நான் முட்டைகூடத் தொடமாட்டோம் என்று சொன்னேன். தாரிகா என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பொய் சொல்லி ஒரு வீட்டைப் பிடிக்கிற அப்பாவை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஆனியின் கடைசி முகூர்த்த நாள் வந்துவிட்டது, என்னால் முடிவெடுக்க முடியவில்லை. "ரெண்டு வீட்லயும் பாலைக் காய்ச்சிருவோம், எது தோதோ அதுக்கு அப்புறம் போய்க்கலாம்" என்றேன்.

"ஏனுங்க, ஒரே புள்ளைக்கு ரெண்டு எடத்துல நிச்சயம் பண்ற மாதிரி இருக்குதுங்களே" என்றாள் மைதிலி.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மேட்டுக்கொள்ளையில் காலை ஆறு மணிக்குக் காய்ச்சினோம். பேப்பரெல்லாம் குடிவந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஜீவரத்தினம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார், தேசம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தெருவில் பாதிப் பேர் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது. ஒன்பது மணிக்கு அவென்யூவில் இருக்கவேண்டுமே என்ற அவசரத்தில் நானும் மைதிலியும் உதட்டை நனைத்துக்கொண்டதோடு சரி, தாரிகாதான் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் பாலையும் அடிச்சர்க்கரையோடு குடித்து முடித்தாள். அவென்யூவில் பால் காய்ச்சியபோது, தான் ஏற்கெனவே குடித்தாகிவிட்டது என்று சொல்லி அவள் டம்ளரைத் தொடவே இல்லை. இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள்.

மறுநாள் ஆபீசில் என் மேலதிகாரி எங்கே வீடு என்று கேட்டார். மேட்டுக்கொள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். "மேட்டுக்கொள்ளையா? ஃபேமிலியோடவா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஏரியாவைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை, எனக்கும் ஒரு குறையும் தெரியாது, ஆனாலும் அந்த "ஃபேமிலியோடவா"வைக் கேட்டதும் என் காது சூடாகி, இல்லை சார், சீதாராம் அவென்யூ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆடி மூன்றாம் தேதி அவென்யூவில் சாமான்களை இறக்கினோம். மேட்டுக்கொள்ளைக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

தாரிகா மேட்டுக்கொள்ளையில் குடிபோய்விட்டது தேசம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"பாப்பா சோக்கா கீறா சார். நீங்க பொறுமையா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை. பால் காய்ச்சிய வீட்டில், அந்தப் பாலைக் குடித்தவள் இருக்கத்தான் செய்வாள். ஊரிலிருந்து சாமான் வர நாளாகிறது, அதுவரைக்கும் சீதாராம் அவென்யூவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அப்போது எங்கள் ஹாலில் தாரிகா படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுக்கொள்ளைத் தாரிகா கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஜீவரத்தினம் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்து விரித்த பாயில் அவள் படுத்த இடம் பள்ளமாக இருக்கும், குரல் கேட்கும், கை வைத்தால் சூடு தெரியும், அவ்வளவுதான். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் நாள் பெண்கள் குழாயடியில் கூடி, பெற்றவர்கள் வரும்வரைக்கும் சோறு யார் கொடுப்பது என்று சண்டை போட்டு, கிழமைக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டார்கள். மாநகராட்சிப் பள்ளி ஒன்றாம் வகுப்பு டீச்சர், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் பெயரைப் பதியக்கூடாது என்பதால் பென்சிலில் எழுதிக்கொண்டு, தினமும் தாரிகா என்று கூப்பிட, கடைசிப் பெஞ்சியிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. தையல்காரர் பாயின் பள்ளத்தை அளந்து ஒரு பாவாடை தைத்தார், அது கொஞ்சம் தொளதொளவென்று போய்விட்டது என்று அவருக்கு வருத்தம். தேசம்மாவின் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே ஓடியது, தெரியாத சவாரிகள் அங்கே உட்காரப் போனால் மற்றவர்கள், "அய்ய, அங்க புள்ள கீது" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வார்டுக்காரர் ஒருத்தர் வந்து, இந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று விசாரித்தார், ஆறு வயசு என்றதும் ஒரு சாக்லேட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார். வாரம் ஒன்று ஆவதற்குள் அந்தத் தெருவில் தாரிகா என்பது வியப்பான விஷயமாக இல்லை, பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதிக்கிற பிள்ளை, அவ்வளவே.

இவ்வளவையும் தேசம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் சொல்வாள், சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பாள், "எப்ப சார் வரீங்க? பாப்பா கேட்டுக்கினே கீறா."

லீவு இல்லை என்றேன். லாரி கிடைக்கவில்லை என்றேன். மைதிலியின் அண்ணன் வீட்டில் விசேஷம் என்றேன். வரப்போவதில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் திராணியில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள், உங்கள் தெருவின் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன். யாரும் ஏன் என்று கேட்க முடியாத ஒரு காரணம் எனக்கு வேண்டியிருந்தது. அப்படி ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது.

"அம்மை போட்டிருக்குன்னு சொல்லிட்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. வந்து பாக்கவும் மாட்டாங்க" என்றேன் மைதிலியிடம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாமுங்க. ஆடி மாசத்துல அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லாதீங்க. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு, வெளியே எங்கேயும் கிளம்ப முடியாது.

தேசம்மா, "அப்டியா சார்? காலைல இங்க ஆடிக்கினுதான் இருந்தா. சரி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று மத்தியானமே மேட்டுக்கொள்ளைத் தாரிகாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. பாயின் பள்ளத்தில் கையை வைத்தவர்கள் விரலுக்கடியில் முத்து முத்தாகத் தட்டுப்படுவதாகச் சொன்னார்கள். ஜீவரத்தினம் நிலைப்படியில் வேப்பிலை செருகினார், ஒரு வீட்டில் அம்மை இருந்தால் அந்த வீட்டில் தாளிக்கக்கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, ஆனால் இது எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாததால் தெரு மொத்தமும் தாளிப்பதை நிறுத்தியது. முனையில் மீன் வறுத்து விற்கிறவர் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை தேடி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார். கடுகு வெடிக்காத குழம்பையும் வதக்காத காய்களையும் அந்தத் தெரு மூன்று வேளையும் சாப்பிட்டது, ஒரு முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் தெருவில் கத்தி விளையாடவில்லை. ஆட்டோக்களைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் முறை வைத்துக்கொண்டு பாயருகில் உட்கார்ந்து, அரிக்கிற இடத்தையெல்லாம் வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தார்கள், எந்த இடம் அரிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்லத் தடவினார்கள். மூன்றாவது ஞாயிறு அம்மன் கோயிலில் தாரிகா பெயருக்கு நேர்ந்துகொண்டு ஏழு அண்டா கூழ் ஊற்றினார்கள்.

என் வீட்டில் தாரிகாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நான் மணிக்கொருமுறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது, அது எனக்கு நிம்மதியாகவும் இல்லை. பள்ளிக்கூட வேனில் ஏறுவதற்கு முன்னால் அவள் கயிறு தாண்டிக் குதிப்பாள். கவலையில்லாமல் குதிக்கிற சொந்தப் பிள்ளையைப் பார்க்கக் கூசியது எனக்கு.

ஒன்பதாம் நாள் தேசம்மா போனைப் பாயோரம் பிடித்தாள். "கேளுங்க சார், உங்களத்தான் கூப்புடறா."

"அப்பா, தண்ணி" என்றது குரல். வறண்டுபோய், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. என் எதிரில் தாரிகா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "போன்ல யாருப்பா?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்" என்றேன். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பொய்.

பதினொன்றாம் நாள் அம்மை இறங்கிவிட்டது. இனித் தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். வெயிலில் வைத்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூன்று தடவை, ஒன்றுவிட்டு ஒருநாள், முதல் தண்ணீரைப் பெற்றவர்கள் கையால்தான் ஊற்றவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவரைக்கும் பிள்ளை எழுந்து நடமாடக் கூடாது. வாருங்கள் என்றாள் தேசம்மா. நாளைக்கு என்றேன். நாளைக்கு, இன்னும் இரண்டு நாள், இந்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனேன், அங்கே பாயின் பள்ளம் நாளுக்கு நாள் மேலேறிக்கொண்டு வந்தது, பிள்ளையின் எடை குறைகிறது என்று அர்த்தம், பால் டம்ளர் வைத்தால் வைத்தபடி இருந்தது. "அம்மா இறங்கியாச்சு சார், ஆனா புள்ள எந்திரிக்கல. தண்ணி ஊத்தாம விட்டா அப்டியே போய்டும் சார்" என்று தேசம்மா முதல் தடவையாக அழுதாள்.

மைதிலி என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அன்று மட்டும் வாயைத் திறந்தாள். "நீங்க போறீங்களா, இல்லை நான் போகட்டுங்களா?"

ஆடி கடைசி ஞாயிறு, இரண்டு ரயில் மாறிப் போனேன். தெருமுனையில் கவிழ்த்த சட்டி இருந்தது, எந்த வீட்டிலும் எண்ணெய் வாசனை இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்து எழுந்து வழிவிட்டார்கள். ஒருவர்கூட ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. அம்மை வீட்டுக்கு வருகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் அன்று பால்கனியில் போட்ட கணக்கு அப்படியே பலித்தது, அது என்னைச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.

முற்றத்து வெயிலில் பித்தளைத் தவலை மஞ்சள் நிறமாக நின்றது. தேசம்மா பாயிலிருந்து இரண்டு கைகளிலும் எதையோ பத்திரமாக ஏந்திக்கொண்டு வந்து பலகையில் உட்காரவைத்தாள், ஏந்தியிருந்த கைகளில் பாரமே தெரியவில்லை. நான் செம்பால் மொண்டு ஊற்றினேன். ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்த தண்ணீர் ஒரு தலையின் வடிவத்தில் வழிந்து, தோளில் பிரிந்து, மடக்கிய கால்களில் சொட்டியது. இடது கையை வைத்துப் பார்த்தேன். தாரிகாவின் தலை. உச்சியில் இரட்டைச் சுழி, அவள் பிறந்த அன்று நர்ஸ் காட்டிச் சிரித்த அதே இரட்டைச் சுழி, என் விரலுக்கடியில் நனைந்து கிடந்தது. எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. செம்பு என் கையிலிருந்து நழுவிவிட்டது.

"அம்மையே போடலைங்க" என்றேன். தெருவே கேட்கும்படி சொன்னேன். "எம்புள்ளைக்கு ஒண்ணுமே இல்லைங்க. இங்க வரப் பிடிக்காம பொய் சொல்லிப்போட்டேன். நான் சொன்னதுனாலதான் இதுக்கு வந்துச்சு."

ஜீவரத்தினம் செம்பை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தார்.

"தெரியும் சார்" என்றாள் தேசம்மா. "மூணாம் நாளே எளநீ எடுத்துக்கினு உங்க அவென்யூக்கு வந்தேன். கேட்டாண்ட பாப்பா கயிறு தாண்டிக்கினு இருந்தா. இவங்க எல்லாருக்கும் அன்னிக்கே சொல்ட்டேன்."

"அப்புறம் ஏனுங்க…"

"இன்னா சார் பண்றது? நீங்க சொன்னது பொய்யி. உள்ள ஒரு புள்ள அனத்துதே, அதுவும் பொய்யா?"

மீதித் தண்ணீரை ஊற்றினேன். தேசம்மா துண்டால் போர்த்தினாள், துண்டு ஒரு சின்ன உடம்பாக நின்றது, தள்ளாடியது, பிறகு தானாகவே இரண்டு அடி வைத்தது. வாசலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். துண்டுக்குள்ளிருந்து முகம் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. எத்தனை நாள் அவள் என்னைக் கூப்பிட்டாளோ, எந்த நாளில் கூப்பிடுவதை நிறுத்தினாளோ, அந்தப் பக்கத்திலிருந்து பழக்கமில்லாத ஆளைப் பார்க்கிற கூச்சத்தோடு குரல் வந்தது.

"யாரும்மா இது?"

அவள் கேட்டது தேசம்மாவை. தேசம்மா என்னைப் பார்த்தாள். நானே சொல்லட்டும் என்று நின்றாள், தெருவும் நின்றது. அப்பா என்று ஒரு வார்த்தை, அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், அதற்கப்புறம் விட்டுவிட்டுப் போக முடியாது, தூக்கிக்கொண்டு அவென்யூவுக்குப் போனால் சங்கத்தார் கேட்பார்கள், இங்கேயே வந்துவிட்டால் ஆபீசில் மேலதிகாரி கேட்பார், அந்த ரயில், இந்தப் பள்ளிக்கூடம், மைதிலியின் சமையலறை என்று, ஈரக்கையோடு நின்றபடி நான் யோசித்தேன். ஆமாம், அப்போதும் எந்த ஏரியா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேசம்மா எனக்காகப் போதுமான நேரம் காத்திருந்தாள். பிறகு குனிந்து அந்த ஈரத்தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"யாரோ வீடு பாக்க வந்தவரு கண்ணு" என்றாள். "போய்டுவாரு."